வேலியில் போன ஓணானும் ஒரு ட்யூப்லைட்டும்

கொஞ்ச நாளா ஆபிஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால எழுத உட்காரவே முடியல. இன்னிக்கு சனிக்கிழமை. வெளியே கொலம்பஸ் நகரமே (ஒஹாயோ மாநிலம், ஸ்ரீலங்கா இல்லீங்கோ) பனியில வெள்ளையா கிடக்கு. வீட்டுக்குள்ள நான் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு எதிர்ல, நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள, 40 டிகிரி சூட்டுல ஒருத்தர் கண்ணை மூடி சுகமா வெயில் காஞ்சுக்கிட்டு இருக்கார். அவர்தான் எங்க வீட்டு 'தாத்தா'. ஜாதியில பியர்டட் டிராகன். தாடி டிராகன்னு சொல்லலாம். பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். நம்ம ஊர் வேலி ஓணானுக்கு பங்காளிதான். ரெண்டுமே அகாமிடேங்கிற ஒரே குடும்பம்.

தாத்தா எப்படி இங்க வந்தார்? 2023 மார்ச்ல என் ரூம்மேட்டுக்கு வேலை போச்சு. விசா கணக்குப்படி 60 நாள்தான். வேற கம்பெனி கிடைக்கல, ஊருக்குக் கிளம்பிட்டான். காரை வித்தான், சோபாவை தெருவுல வச்சான். ஓணானை என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சப்ப, "விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்"னு வாய் விட்டுட்டேன். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். ஒரே வரிதான் பதில்: "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா இருக்குடா."

அம்மா சொன்னது நடந்துச்சு. ஆனா தப்பு ஓணான் மேல இல்ல, என் மேல. அந்தத் தப்பு ஏன் நடந்ததுன்னு தேடப் போய் ஒரு நூறு வருஷ வரலாறு கையில சிக்குச்சு. அதைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், காபியோட உட்காருங்க.

முதல்ல தினசரி வேலை என்னன்னு சொல்லிடறேன். காலைல 7 மணிக்கு டைமர் ரெண்டு விளக்கைப் போடும். ஒண்ணு சூட்டுக்கு. பெட்டியோட ஒரு ஓரத்துல 38-லிருந்து 42 டிகிரி வரணும், மறு ஓரம் 25, 26 இருந்தா போதும். சூடு வேணும்னா இந்தப் பக்கம், போதும்னா அந்தப் பக்கம்னு அதுவே நடந்து போய் உடம்பைச் சரி பண்ணிக்கும். அதுக்கு நம்மள மாதிரி உள்ளே ஹீட்டர் கிடையாது. இன்னொண்ணு, பார்க்க சாதாரண ட்யூப்லைட் மாதிரி ஒரு யூவி விளக்கு. கதையோட நாயகன், வில்லன் ரெண்டுமே அதுதான். அப்புறம் சாப்பாடு. வளர்ந்த டிராகனுக்கு தட்டுல முக்கால்வாசி கீரை, காய். நான் கொலார்ட் கீரை, கடுகுக்கீரை, துருவின பூசணி வைக்கிறேன். வாரத்துல ரெண்டு மூணு நாள் கரப்பான் (டூபியான்னு ஒரு வகை, வீட்டுக் கரப்பான் இல்ல) இல்ல சில்வண்டு, கால்சியம் பொடியில புரட்டி. குட்டியா இருந்தா இந்தக் கணக்கு தலைகீழ், பூச்சிதான் மெயின் மீல்ஸ். ராத்திரி எல்லா விளக்கும் அணைக்கணும். அவ்வளவுதான், இருபது நிமிஷ வேலை.

இதையெல்லாம் ரூம்மேட் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போயிருந்தான். நானும் எட்டு மாசம் அப்படியே செஞ்சேன். நவம்பர்ல ஒரு நாள் தாத்தா சாப்பிடறதை நிறுத்திட்டார். ரெண்டு மூணு நாளா கண்ணாடியைப் பறாண்டிக்கிட்டே இருந்தார். நாலாவது நாள் காலைல பார்த்தா, டைல்ஸ் மேல 18 முட்டை!

தாத்தா, பாட்டி ஆயிட்டார். :-)

(பெண் டிராகன், ஆண் துணையே இல்லாம, கருவில்லாத முட்டை போடும். கோழி மாதிரிதான். எனக்கு அப்போ இது தெரியாது. பேரை மட்டும் மாத்தல, பழகிடுச்சு. இனிமே 'அவங்க'ன்னு எழுதறேன்.)

சிரிச்சது அன்னிக்கு ஒரு நாள்தான். ரெண்டு நாள் கழிச்சு கையில தூக்கினேன், பின்னங்கால் விரல் எல்லாம் தந்தி அடிக்கிற மாதிரி துடிக்குது. உடம்பைத் தூக்கி நடக்க முடியாம வயித்தைத் தேய்ச்சுக்கிட்டு நகர்ந்தாங்க. அள்ளிப் போட்டுக்கிட்டு ஊர்வன பார்க்கிற கால்நடை டாக்டரம்மாகிட்ட ஓடினேன். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிச்சு, எலும்பு மெலிஞ்சு போச்சு, ரத்தத்துல கால்சியம் ரொம்பக் கம்மின்னாங்க. "கால்சியம் பொடி போடாம விட்டதே இல்லையே டாக்டர்"னேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: "யூவி விளக்கு எப்போ வாங்கினது?"

நான் வாங்கல. ரூம்மேட்டுக்கு மெசேஜ் போட்டேன். 2022 ஜனவரி. கிட்டத்தட்ட இருபத்திரண்டு மாசம்.

"ஆனா லைட் பளிச்சுன்னு எரியுதே?"

"எரியும். ஆனா அதிலிருந்து வர வேண்டியது வராது."

பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டேஷ்போர்டு பூரா பச்சை, சர்வீஸ் மட்டும் ஆறு மாசமா டவுன். ஆபிஸ்ல இதுக்கு அலாரம் வைக்கிறதுதான் என் வேலையே. வீட்டுல கோட்டை விட்டுட்டேன்.

நிற்க. இந்த விளக்கு எங்கிருந்து வந்துச்சு? இங்கதான் வரலாறு.

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல தொழிற்சாலைப் புகை மூடின நகரங்கள்ல குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ்னு ஒரு நோய். எலும்பு கெட்டியாகாம கால் வளைஞ்சு போகும். வெயில் இல்லாததுதான் காரணமோன்னு சில பேர் முன்னாடியே சந்தேகப்பட்டாங்க. 1822-லேயே போலந்து மருத்துவர் யென்ட்ஜெய் ஸ்னியாடெட்ஸ்கி நகரத்துக் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வருது, வெயிலில் காட்டுங்கன்னு எழுதினார். பெரிசா யாரும் கண்டுக்கல.

முதல் உலகப்போர் முடிஞ்ச மறு வருஷம், 1919-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. இங்கிலாந்துல எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வச்சு சோதனை பண்ணி, சாப்பாட்டுல ஏதோ குறையுது, மீன் எண்ணெய் கொடுத்தா ரிக்கெட்ஸ் வராதுன்னு காட்டினார். அதே வருஷம் பெர்லின்ல குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கின்னு ஒரு குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த நாலு குழந்தைகளை பாதரச ஆவி விளக்கு வெளிச்சத்துல காட்டினார். எலும்பு கெட்டியாச்சு. இன்னொரு வேலையும் பண்ணினார். ஒரு கையில மட்டும் வெளிச்சம் பட வச்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வெளிச்சம் படாத கையும் குணமாயிருந்துச்சு! அப்படின்னா தோலில் ஏதோ ஒரு பொருள் உருவாகி, ரத்தம் வழியா உடம்பு பூரா போகுதுன்னு அர்த்தம்.

சாப்பாடா, வெளிச்சமா? ரெண்டு கட்சியும் ரைட்டுதான். 1922-ல அமெரிக்காவுல எல்மர் மெக்காலம், மீன் எண்ணெயில வைட்டமின் ஏ-வை அழிச்ச பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணமாக்குறதைப் பார்த்தார். ஏ, பி, சி மூணும் ஏற்கெனவே புக் ஆயிட்டதால இதுக்கு 'டி'ன்னு பேர் வந்துச்சு. புற ஊதாக் கதிர் தோலில் பட்டா அதே வைட்டமின் அங்கேயே தயாராகுதுன்னு அடுத்த சில வருஷத்துல தெளிவாச்சு. இந்தக் குடும்பத்து வேதிப்பொருள்களை ஆராய்ஞ்ச ஜெர்மானியர் அடால்ஃப் வின்டாஸுக்கு 1928-ல வேதியியல் நோபல்.

இந்த வைட்டமின் இல்லேன்னா குடலால கால்சியத்தை சரியா உறிஞ்ச முடியாது. நான் எட்டு மாசமா பொடி தூவினேன். அதுவும் யூவி விளக்குதான் இருக்கேன்னு டி3 சேர்க்காத பொடி. உள்ளே போனது அப்படியே வெளியே போயிருக்கு. அந்த நேரம் பார்த்து 18 முட்டைக்கு ஓடு கட்டணும். உடம்பு என்ன பண்ணும்? எலும்பிலிருந்து கடன் வாங்குச்சு. கடன் வாங்க எலும்புலயும் ஸ்டாக் இல்லேன்னதும் கால் துடிக்க ஆரம்பிச்சுது.

பெர்லினை விட்டு இப்பவே கிளம்பிடாதீங்க. ஹுல்ட்ஷின்ஸ்கி விளக்கு போட்டு ஏழு வருஷம் கழிச்சு, 1926-ல, அதே பெர்லின் அருங்காட்சியகத்துல வேலை பார்த்த எர்ன்ஸ்ட் ஆல்ங்கிற விலங்கியலாளர் ஆஸ்திரேலிய ஓணான் ஒண்ணுக்கு 'விட்டிசெப்ஸ்'னு பேர் வச்சார். அதுதான் நம்ம தாத்தாவோட இனம். அப்ப வேற பேரினத்துல இருந்துச்சு. 1982-ல கிளென் ஸ்டோர்ங்கிற ஆஸ்திரேலியர்தான் தாடிக்காரங்களை எல்லாம் பிரிச்சு 'பொகோனா'ன்னு தனிப் பேரினம் ஆக்கினார். கிரேக்கத்துல பொகோன்னா தாடி. அந்த ஓணானோட வாரிசுகளுக்கு ஒரு நாள் இந்த நகரத்து விளக்கு தேவைப்படும்னு 1926-ல யாருக்கும் தோணியிருக்காது.

ஆனா கிட்டத்தட்ட யோசிச்ச ஒருத்தர் லண்டன்ல இருந்தாங்க. ஜோன் பீச்சம் ப்ராக்டர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே முதலைக்குட்டி வளர்த்தவங்க. லண்டன் மிருகக்காட்சி சாலையில ஊர்வனப் பிரிவுக்கு பொறுப்பாளர். 1927-ல அங்க திறந்த ஊர்வன இல்லத்தைத் திட்டமிட்டது அவங்கதான். ஒரே கூண்டுக்குள்ள இங்க சூடு, அங்க குளிர்ச்சின்னு மின்சாரத்தில் ஏற்பாடு பண்ணினாங்க. சாதாரண ஜன்னல் கண்ணாடி நமக்குத் தேவையான புற ஊதாவைத் தடுத்திடும், அதனால அதை உள்ளே விடற தனிக் கண்ணாடி போட்டாங்க. என் வீட்டுப் பெட்டியில இன்னிக்கு இருக்கிற ரெண்டு முக்கியமான யோசனையும் அப்பவே அந்தக் கட்டடத்துல இருந்துச்சு. கொமோடோ டிராகனை நாய்க்குட்டி மாதிரி கூட நடக்க வச்சவங்க அவங்க. வாழ்நாள் முழுக்க நோயோட போராடி 1931-ல 34 வயசுல இறந்துட்டாங்க.

இதுல ஒரு பாடம் எனக்கும் இருந்துச்சு. "ஜன்னல் பக்கம் வச்சா வெயில் படுமே"ன்னு நான் பெட்டியை ஜன்னலோரம் தள்ளி வச்சிருந்தேன். கண்ணாடி வழியா வர வெயிலில் சூடு வரும், வைட்டமின் வராது. லண்டன்ல தெரிஞ்சு வச்சிருந்ததை இந்த இன்ஜினியர் தெரிஞ்சுக்க கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. ஹி ஹி.

சரி, ஆஸ்திரேலியா ஓணான் ஒஹாயோவுக்கு எப்படி வந்துச்சு? நேரா சொன்னா, திருட்டுத்தனமா. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வியாபாரத்துக்கு வெளியே அனுப்ப விடறதில்ல. 1982-ல அதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க, பின்னாடி 1999-ம் வருஷச் சட்டத்துக்குள்ள அது வந்துடுச்சு. அதையும் மீறி 1970கள், 80கள்ல கொஞ்சம் டிராகன்கள் கடத்தப்பட்டு ஐரோப்பாவுக்கு, முக்கியமா ஜெர்மனிக்குப் போச்சு. அங்க குட்டி போட்டுப் பெருகி அமெரிக்காவுக்கு வந்துச்சு. இன்னிக்கு வெளிநாடுகள்ல வீட்டுக்கு வீடு இருக்கிற தாடி டிராகன் எல்லாம் பெரும்பாலும் அந்தச் சில முன்னோர்களோட பேரப்பிள்ளைங்கதான். தாத்தாவும் ஒருவகையில ஆவணம் இல்லாம வந்தவங்க வாரிசு. வளர்த்தவன் ஆவணம் காலாவதியாகி ஊருக்குப் போனான். இதை நினைச்சா சில ராத்திரி தூக்கம் வராது, விடுங்க.

வந்த புதுசுல எப்படி வளர்க்கணும்னு யாருக்கும் சரியா தெரியாது. அமெரிக்காவுல அப்போ பச்சை இகுவானா மோகம். வெறும் லெட்டூஸ், சில பேர் நாய் பிஸ்கட் கூடப் போட்டாங்க. எலும்பு வளைஞ்சு, தாடை மெத்துன்னு ஆகி ஏகப்பட்டது செத்துச்சு. பெர்லின் குழந்தைகளுக்கு வந்த அதே நோய்தான், பேர் மட்டும் வேற. 1990கள்லதான் ஊர்வனவுக்குன்னே யூவிபி ட்யூப் கடைக்கு வர ஆரம்பிச்சுது. ஃபிலிப் டி வோஸ்ஜோலி மாதிரி வளர்ப்பாளர்கள் கை அனுபவத்தை கையேடா எழுதினாங்க.

இந்த ட்யூப் வேலை செய்யற விதம் சிம்பிள். சாதாரண ட்யூப்லைட்டுக்குள்ளயும் பாதரச ஆவி புற ஊதாவைத்தான் கக்குது. உள்ளே பூசின பாஸ்பர் பூச்சு அதை வெள்ளை வெளிச்சமா மாத்துது, கண்ணாடி மிச்சத்தைத் தடுக்குது. ஊர்வன ட்யூப்ல பாஸ்பர் வேற, கண்ணாடியும் யூவிபியை வெளியே விடற வகை. எரிய எரிய யூவிபி குறைஞ்சுக்கிட்டே வரும். கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் மட்டும் பழையபடி இருக்கும். அதனாலதான் ட்யூபைப் பொறுத்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆனா, எரிஞ்சாலும் மாத்திடணும்.

எவ்வளவு வேணும்னு கணக்கு வந்ததும் சமீபத்துலதான். 2010-ல கேரி ஃபெர்குசன் குழு, காட்டுல பல்லி, ஓணான் எல்லாம் தானா எவ்வளவு புற ஊதாவுல உட்காருதுன்னு அளந்து நாலு மண்டலமா பிரிச்சாங்க. அதே 2010-ல டென்னிஸ் ஊனின்க்ஸ் குழு டிராகன் குட்டிகளையே வச்சு, வாய் வழியா டி3 கொடுத்ததைவிட யூவி விளக்கு காட்டினதுல வைட்டமின் அளவு பல மடங்கு அதிகம்னு காட்டினாங்க. பொடி விளக்குக்கு ஈடாகாது. 2016-ல ஃபிரான்சஸ் பெய்ன்ஸ்ங்கிற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் மற்றவங்களோட சேர்ந்து, எந்த இனத்துக்கு எவ்வளவுன்னு பெரிய பட்டியலே போட்டாங்க. அதிகமானாலும் ஆபத்துதான். 2000களோட பிற்பாதியில சில பல்புகள் தப்பான அலைநீளத்துல கதிர் விட்டு பல்லிகளுக்கு கண் வீங்கிப் போன கதையும் உண்டு.

சாப்பாட்டுக் கணக்கும் இப்படித்தான் அடிபட்டு அடிபட்டு வந்தது. மின்மினிப் பூச்சி தின்ன டிராகன்கள் செத்துப்போனதை 1999-ல ஒரு ஆய்வு பதிவு பண்ணுச்சு. அமெரிக்க மின்மினியில தேரைத் தோல் விஷம் மாதிரி ஒரு நஞ்சு இருக்கு. ஆஸ்திரேலிய டிராகனுக்கு அதைத் தெரிஞ்சு ஒதுங்கற புத்தி கிடையாது. ஒஹாயோவுல ஜூன், ஜூலை சாயங்காலம் பூரா மின்மினிதான். தோட்டத்துல பூச்சி பிடிச்சுப் போடற யோசனை இருந்தா விட்டுடுங்க. காட்டுல அவங்க உண்மையிலேயே என்ன சாப்பிடறாங்கன்னு 2015-ல பார்த்தப்போ, பிடிச்ச பூச்சியில பெரும்பகுதி என்ன தெரியுமா? ஈசல்! மழை பெய்ஞ்சா நம்ம பாட்டிங்க பொரியோட வறுத்துக் கொடுக்கற அதே வகையறா.

கதைக்கு வர்றேன். டாக்டரம்மா கால்சியம் ஊசி போட்டு, மருந்து கொடுத்து அனுப்பினாங்க. தினம் ரெண்டு வேளை ஊசி இல்லாத சிரிஞ்ச்ல கால்சியம் சிரப்பை வாயோரம் சொட்டு சொட்டா விடணும். அன்னிக்கே புது ட்யூப். காலைல ஸ்டாண்டப் மீட்டிங்ல கேமராவை அணைச்சுட்டு மடியில துண்டு போட்டு மருந்து கொடுப்பேன். மூணு வாரத்துல துடிப்பு நின்னுச்சு. ஆறாவது வாரம் தானா கரப்பானைத் துரத்தினாங்க. நாலு மாசம் ஆச்சு பழையபடி கல் மேல ஏற. இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் வளைஞ்சே நின்னுடுச்சு. அது இனிமே நேராகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

ரூம்மேட்டுக்கு போட்டோ அனுப்பினேன். "நான் அந்தத் தாளில் தேதி எழுத மறந்துட்டேன், சாரி"ன்னு பதில் போட்டான். அவன் என்ன பண்ணுவான், 60 நாள் கெடுவுல ஓடினவன். கூட இருந்து தினம் பார்த்தவன் நான்.

இப்ப ட்யூப் மேல வெள்ளை டேப் ஒட்டி மாட்டின தேதியை மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். போன் காலெண்டர்ல நினைவூட்டல். யூவி அளக்கிற மீட்டர் ஒண்ணும் வாங்கிட்டேன். விலை ஜாஸ்திதான், ஆனா ஆஸ்பத்திரி பில்லை விட கம்மி. பெட்டி மூலையில ஈர மண் நிரப்பின டப்பா ஒண்ணு, அடுத்த தடவை முட்டை போட. ஜன்னலிலிருந்து பெட்டியை நகர்த்தியாச்சு.

சின்ன வயசுல கோடை லீவுல நாங்க ஈர்க்குச்சி முனையில சுருக்கு போட்டு ஓணான் பிடிப்போம். பிடிச்சப்புறம் பண்ணினதை எழுத இஷ்டமில்ல. கேட்டா, ராமர் தண்ணி கேட்டப்போ ஓணான் மூத்திரம் கொடுத்துச்சுன்னு ஒரு கதை சொல்வோம். இப்போ ஒரு ஓணான் ராத்திரி தூங்கறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். 2016-ல ஃபிராங்க்ஃபர்ட்ல ஜில் லாரோங்கிறவரோட ஆய்வுக்கூடத்துல இதே இன டிராகன் தூங்கும்போது மூளை அலைகளைப் பதிவு பண்ணினாங்க. நம்மள மாதிரியே ஆழ்ந்த தூக்கம், கண்ணசையும் தூக்கம்னு ரெண்டும் மாறி மாறி வருதாம். ஒரு சுற்று சுமார் 80 செகண்ட்.

கனவு காணுமான்னு அதுல சொல்லல. மூடின இமைக்குள்ள கண் லேசா அசையும்போது நான் அப்படித்தான் நினைச்சுக்கறேன்.

போன வாரம் அம்மா போன்ல, "அந்த ஓணான் எப்படிடா இருக்கு?"ன்னு தானா கேட்டாங்க. நல்லா இருக்காங்கம்மான்னேன். "கால்?" நடக்கறாங்கம்மா. "சரி, லைட்டை மாத்த மறந்துடாத."

உங்க வீட்டுலயும் ஊர்வன இருந்தா ஒரு நிமிஷம் எழுந்து போய் அந்த ட்யூப் எப்போ மாட்டினதுன்னு பாருங்க. எரியுதேன்னு விட்டுடாதீங்க. சரி, மணி ஏழாச்சு. டைமர் டிக்குன்னு சத்தம் போட்டு விளக்கை அணைச்சுடுச்சு. தாத்தா கல் மேல கால் நீட்டிப் படுத்தாச்சு. நானும் கிளம்பறேன்.